இறால், கணவாய், சிப்பி போட்ட கார க்ரீம் பாஸ்தா

வீட்டில் செய்யும் கடல் பாஸ்தா கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் பாஸ்தா அல்ல, நம் மீன்கறிப் பழக்கம்தான். சட்டியில் மசாலாவைக் கொதிக்கவிடுவோம், மீனைப் போடுவோம், குழம்பு வற்றுகிறவரை அடுப்பை அணைக்க மாட்டோம். அயிலைக்கும் (கானாங்கெளுத்தி) சாளைக்கும் (மத்தி) அது சரி. அதே கையோடு இறாலையும் கணவாயையும் க்ரீமில் போட்டுக் கால் மணி நேரம் கொதிக்கவைத்தால் இறால் சுருண்டு இறுகிவிடும், கணவாய் செருப்பு வார் மாதிரி ஆகிவிடும், க்ரீம் திரிந்து எண்ணெய் தனியாக மிதக்கும். அப்புறம் வெளிநாட்டுச் சாப்பாடு நமக்கு ஒத்துவராது என்று பாஸ்தாவின் மேல் பழி.

இதில் வரிசைதான் முக்கியம். கடல் ருசி இருப்பது இறாலின் தலையிலும் ஓட்டிலும், சிப்பி விடும் தண்ணீரிலும். அதை முதலில் சாறாக எடுத்துவிட வேண்டும். காரம் எண்ணெயிலேயே ஏறிவிட வேண்டும். இறாலும் கணவாயும் தனியாக, வேகமாக வெந்து வெளியே வந்து காத்திருக்க வேண்டும். க்ரீம் கடைசியில். இது கைவந்துவிட்டால் அளவு முன்னே பின்னே ஆனாலும் பாதகமில்லை.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லையோரக் கொல்லங்கோட்டுக்காரன். பூவார், விழிஞ்ஞம் வழியாகப் போனால் கோவளம் எங்களுக்குப் பக்கம்தான். அங்கே கடற்கரை ஓட்டல்களின் அடுக்களையில் பல சீசன் வேலை பார்த்தேன். வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வருவது நவம்பர் முதல் மார்ச் வரை. சாயங்காலம் கடைவாசலில் ஐஸ் பரப்பி மீனை அடுக்கி வைப்போம். வருகிறவர் ஒன்றைக் கைகாட்டுவார், எப்படிச் சமைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மேசைக்குப் போவார். இத்தாலிக்காரர் என்றால் அடுக்களையில் மூத்தவரான பெரிய சேட்டன் முன்கூட்டியே எச்சரிப்பார்: சீஸைத் தூக்கி உள்ளே வை. கடல் பாஸ்தாவில் சீஸ் தூவினால் அவர்களில் பலருக்கு முகம் கோணும். க்ரீமே வேண்டாம் என்பவர்களும் உண்டு. அவர்கள் ஊர்ப் பழைய முறையில் சிப்பிக்குப் பூண்டு, ஒலிவ எண்ணெய், கொஞ்சம் வெள்ளை வைன், கொஞ்சம் மிளகாய், அவ்வளவுதான். 1980-களில் அங்கேயும் எல்லாவற்றிலும் க்ரீம் ஊற்றுகிற நாகரிகம் ஒன்று வந்து போயிருக்கிறது. ஆகவே இங்கே நான் சொல்வது பாரம்பரிய இத்தாலியச் சமையல் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கடற்கரை ஓட்டலில் பிறந்து என் வீட்டு அடுக்களையில் வளர்ந்த பண்டம் இது. காரம் நம்முடையது.

முதலில் மீன் வாங்குவது. எங்கள் பக்கம் காலம் பார்த்து வாங்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி ஜூலை 31 வரை, மொத்தம் 52 நாள். தேங்காப்பட்டணம் துறைமுகம் அந்த நாட்களில் அடங்கிக் கிடக்கும். ஆனால் நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை, விழிஞ்ஞத்தில் மழைக்காலத்தில்தான் மீன்பாடே அதிகம். அந்த மாதங்களில் கணவாய் வேண்டுமென்றால் நான் வண்டியை அங்கேதான் விடுவேன். அங்கே கூந்தல் என்று கேட்க வேண்டும்.

தலையோடு இருக்கும் கடல் இறாலையே வாங்குங்கள். தலை கழற்றி, தோல் உரித்து, பாக்கெட்டில் வருவதை வைத்தும் பாஸ்தா செய்யலாம், ஆனால் சாறு எடுக்க எதுவும் மிஞ்சாது, பாதி ருசி கடையிலேயே நின்றுவிடும். தலை உடலோடு இறுக ஒட்டியிருக்க வேண்டும். தலைப்பக்கம் கறுத்து, தொட்டால் ஆடினால் நாள்பட்டது. மூக்கில் சுள்ளென்று ஏறும் நெடி இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் நகர்ந்துவிடுங்கள். பெரிய இறால் தேவையில்லை, விரல் நீளம் போதும். பெரியதற்குப் பணம் கொடுத்துவிட்டு அதைத் துண்டுதுண்டாக வெட்டுவது வீண்.

கணவாயில் ஊசிக்கணவாய் வளையம் வளையமாக வரும், பார்க்க அழகு. ஓட்டுக்கணவாய் தடித்தது, ருசி கொஞ்சம் கூடுதல் என்பது என் எண்ணம். எது கிடைத்தாலும் சரி. உள்ளங்கை அளவு இருந்தால் மென்மையாக இருக்கும்.

சிப்பி எங்கள் கரையின் சொத்து. கொல்லத்திலிருந்து கன்னியாகுமரி வரை பாறைகளில் ஒட்டி வளரும் பழுப்பு நிறச் சிப்பிதான் இங்கே கிடைப்பது. வடகேரளத்தில் கடுக்கா என்று விற்கும் பச்சைச் சிப்பி அதைவிடப் பெரியது. முட்டம், கடியப்பட்டணம், குளச்சல் பக்கமெல்லாம் ஆட்கள் முங்கிப் பறித்துக்கொண்டு வருவார்கள். உங்கள் ஊரில் சிப்பி கிடைக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள், இறாலையும் கணவாயையும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். நெய்மீனை (வஞ்சிரம்) சிறு துண்டுகளாக வெட்டிப் போடலாம். சாளை, அயிலை, சூரை மூன்றையும் இதற்குக் கொண்டுவராதீர்கள். அவற்றின் எண்ணெய் வாசம் க்ரீமோடு சேர்ந்தால் தாங்காது. அவற்றுக்கு மண்சட்டியும் புளியும்தான் இடம்.

நான்கு பேருக்கு அளவு சொல்கிறேன். பாஸ்தா 320 கிராம், தலையோடு இறால் அரைக் கிலோ, கணவாய் 300 கிராம், ஓட்டோடு சிப்பி அரைக் கிலோ. ஃப்ரெஷ் க்ரீம் 200 மில்லி. பழுத்த தக்காளி மூன்று, சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) ஒரு கைப்பிடி, பூண்டு பத்துப் பல். வத்தல் மிளகாய் ஆறு, காந்தாரி மிளகாய் ஐந்தாறு, நல்லமிளகு (குருமிளகு) ஒரு தேக்கரண்டி. வெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, எண்ணெய் நான்கு மேசைக்கரண்டி, எலுமிச்சை அரை மூடி, மல்லியிலை கொஞ்சம். எண்ணெய் ஒலிவ எண்ணெயாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் வாசமில்லாத எந்த எண்ணெயும் போதும். தேங்காய் எண்ணெய் எங்கள் வீட்டு ரத்தம், ஆனாலும் பால் க்ரீமோடு அதை நான் சேர்ப்பதில்லை. இரண்டு வாசமும் ஒன்றையொன்று அமுக்கப் பார்க்கும்.

இனி சுத்தம் செய்வது. இறாலின் தலையைத் திருகி எடுத்து, ஓட்டை உரித்து, இரண்டையும் ஒரு பாத்திரத்தில் சேர்த்து வையுங்கள். தப்பித்தவறிக்கூடக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. முதுகில் கீறி, கறுப்பாக ஓடும் குடலை எடுத்துவிடுங்கள். கணவாயின் தலையைப் பிடித்து இழுத்தால் குடலோடு வந்துவிடும். கண்ணுக்குக் கீழே வெட்டிக் கால்களை எடுத்துக்கொண்டு, நடுவில் இருக்கும் அலகைப் பிதுக்கி எறியுங்கள். மைப்பை உடைந்தால் பயப்பட வேண்டாம், கழுவினால் போய்விடும். உடம்புக்குள் கண்ணாடி போல இருக்கும் நீளத் தகட்டையும், ஓட்டுக்கணவாயாக இருந்தால் வெள்ளை ஓட்டையும் உருவிவிட்டுத் தோலை உரியுங்கள். ஊசிக்கணவாயை அரை அங்குல வளையங்களாக வெட்டலாம். ஓட்டுக்கணவாயின் உள்பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாக லேசாகக் கீறிவிட்டுச் சதுரமாக வெட்டினால் வேகும்போது அழகாகச் சுருளும்.

கழுவிய பிறகு இறாலையும் கணவாயையும் ஒரு தோர்த்தில் (மெல்லிய துண்டு) பரப்பி ஈரத்தை நன்றாக ஒற்றி எடுங்கள். பலரும் இதைச் செய்வதில்லை. ஈரத்தோடு சட்டியில் போட்டால் தண்ணீர் விட்டு அவியும், வறுபடாது, ருசி ஏறாது. உப்பும் அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூளும் பிரட்டி வையுங்கள். மஞ்சள்தூள் டப்பாவை நோக்கிக் கை தானாகப் போகும், தடுத்துவிடுங்கள். சாஸின் நிறம் இறால் தலையிலிருந்து வர வேண்டும்.

சிப்பியைத் தேங்காய்நாரால் தேய்த்துக் கழுவி, ஓட்டின் இடுக்கிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நாரைப் பிடுங்கிவிடுங்கள். உடைந்ததைக் கழித்துவிடுங்கள். வாய் திறந்திருப்பதை ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். மூடிக்கொண்டால் உயிர் இருக்கிறது, மூடாததையும் கழித்துவிடுங்கள். ஒரு பாத்திரத்தில் கால் தம்ளர் தண்ணீரும் நசுக்கிய பூண்டு இரண்டு பல்லும் போட்டு, சிப்பியைக் கொட்டி, மூடி, பெரிய தீயில் மூன்று நான்கு நிமிடம் வையுங்கள். திறந்ததை உடனே எடுத்துவிடுங்கள். எல்லாம் திறக்கட்டும் என்று காத்திருந்தால் முதலில் திறந்தது சுருங்கிவிடும். கடைசிவரை திறக்காததைச் சேர்க்க வேண்டாம். பத்துச் சிப்பியை ஓட்டோடு வைத்துக்கொண்டு மற்றதில் சதையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தில் மிஞ்சும் சாம்பல் நிறத் தண்ணீரை மெல்லிய துணியில் வடிகட்டி வையுங்கள். அடியில் மணல் தங்கியிருக்கும், கடைசிச் சொட்டுவரை ஊற்ற ஆசைப்படக் கூடாது. அந்தத் தண்ணீர் கடல் உப்பு, இதை நினைவில் வைத்துத்தான் மற்ற இடங்களில் உப்புப் போட வேண்டும்.

இப்போது தலைச்சாறு. இந்தப் பண்டத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். அடி தடித்த சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் காயவைத்து இறால் தலையையும் ஓட்டையும் கொட்டுங்கள். தீ பெரிதாக இருக்கட்டும். ஐந்தாறு நிமிடத்தில் எல்லாம் செக்கச்செவேல் என்று ஆகி, வறுத்த மணம் வரும். கரண்டியின் பின்பக்கத்தால் தலைகளை நசுக்குங்கள். உள்ளிருக்கும் மஞ்சள் கொழுப்பு கரைந்து எண்ணெய் ஆரஞ்சு நிறமாகும். பச்சை இறாலின் ஓட்டில் அந்தச் சிவப்பு ஒரு புரதத்தோடு பிணைந்து சாம்பலும் நீலமுமாக ஒளிந்திருக்கிறது. சூடு பட்டதும் புரதம் பிடியை விட, சிவப்பு வெளியே வருகிறது. அது கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையாது. அதனால்தான் முதலில் எண்ணெயில் வறுக்க வேண்டும் என்கிறேன். பச்சையாகத் தண்ணீரில் போட்டு வேகவைத்தால் வெளிறிய கஞ்சித் தண்ணீர்தான் கிடைக்கும்.

வறுபட்டதும் நான்கைந்து உள்ளி, இரண்டு பல் பூண்டு, தக்காளியின் காம்புப்பகுதி, மல்லித்தண்டு, நான்கு நல்லமிளகு போட்டு முக்கால் லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து 20 நிமிடம். அதற்கு மேல் ஓடு வெந்தால் கசப்புத் தட்டும். அரிப்பில் (வடிகட்டியில்) ஊற்றிக் கரண்டியால் அழுத்திப் பிழிந்து, சிப்பித் தண்ணீரையும் சேர்த்து, மறுபடி அடுப்பில் வைத்து ஒரு பெரிய தம்ளர் அளவுக்கு, சுமார் 250 மில்லிக்கு வற்றவிடுங்கள். நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். உப்பு சற்றுத் தூக்கலாக இருக்கும், இருக்கட்டும். பாஸ்தாவும் க்ரீமும் அதை இழுத்துக்கொள்ளும். என் அம்மைக்கு இந்த இடத்திலேயே பொறுமை போய்விடும். "மக்களே, இதுல கொஞ்சம் தேங்காய அரச்சு ஊத்தினா கறியாச்சே, பின்ன என்னத்துக்கு அந்த மாவுக்குச்சி?" என்பாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதற்குப் பின்னால் வருகிறேன்.

காரத்துக்கு வருவோம். மிளகாயின் எரிப்பு கொழுப்பில் கரைவது. பாலில் இருக்கும் கேசின் என்ற புரதமும் அதைப் பிடித்துக்கொள்ளும். காரம் தின்று வாய் எரிகிறவனுக்கு மோர் கொடுப்பது அதனால்தான். க்ரீமில் கொழுப்பும் இருக்கிறது, கேசினும் இருக்கிறது. ஆக, க்ரீம் ஊற்றுவதற்கு முன் நாக்குக்குச் சரியாக இருக்கும் மசாலா, ஊற்றிய பிறகு சப்பென்று ஆகிவிடும். முன்னால் சுவைத்துப் பார்க்கும்போது கொஞ்சம் அதிகமோ என்று தோன்றினால்தான் சரியான அளவு. கடைசியில் காரம் போதவில்லை என்று வதக்காத மிளகாய்த்தூளைத் தூவுவது மட்டும் வேண்டாம், பொடிவாசம் அடிக்கும்.

வத்தல் மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, மிச்சமிருக்கும் உள்ளியில் பாதியோடும் நான்கு பல் பூண்டோடும் சேர்த்து மிக்சியில் விழுதாக அரையுங்கள். நிறம் வேண்டுமென்றால் அதில் இரண்டு காஷ்மீர் மிளகாய். காந்தாரியை அரைக்கக் கூடாது, கத்தியின் பக்கவாட்டில் ஒரு அழுத்து அழுத்தி நசுக்கி வையுங்கள். வீட்டுக்கு வீடு முற்றத்தில் நிற்கும் செடி எங்களுக்கு. கிடைக்காத ஊர்க்காரர்கள் காரமான சிறிய பச்சை மிளகாயை எடுத்துக்கொள்ளலாம். வத்தலின் காரம் அடித்தொண்டையில் நிற்கும், காந்தாரி நாக்கின் நுனியில் பளிச்சென்று தெரியும், நல்லமிளகு மூக்கில் ஏறும். மூன்றும் மூன்று இடத்தில் வேலை செய்வதால், க்ரீம் ஒன்றை அமுக்கினாலும் இன்னொன்று எழுந்து நிற்கும். நல்லமிளகை அம்மியிலோ உரலிலோ ஒன்றிரண்டாக இடித்துக் கடைசிக்கு வையுங்கள்.

பாஸ்தாவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பாக்கெட்டில் டியூரம் கோதுமை என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மார்த்தாண்டத்திலேயே எல்லாக் கம்பெனியும் கிடைக்கிறது. நீளமான வகை, ஃபெட்டுச்சினியோ லிங்குவினியோ ஸ்பகெட்டியோ, சாஸைச் சுற்றிப் பிடிக்கும். பிள்ளைகள் கரண்டியால் தின்ன வேண்டுமென்றால் பென்னே. மூன்று லிட்டர் தண்ணீர் கொதிக்கட்டும். வழக்கமாக லிட்டருக்கு 10 கிராம் உப்பு என்பார்கள். நம் சாறு உப்பாக இருப்பதால் மூன்று லிட்டருக்கும் சேர்த்து 20 கிராம் போதும். தண்ணீரில் எண்ணெய் ஊற்ற வேண்டாம். வடித்த பிறகு குழாய்த் தண்ணீரில் அலச வேண்டாம். எண்ணெய் பூசினாலும் மேல்மாவு கழுவிப்போனாலும் சாஸ் ஒட்டாமல் வழுக்கிவிடும். நான் வேலை பார்த்த ஒரு கடையில் காலையிலேயே ஐந்து கிலோ பாஸ்தாவை வேகவைத்து, எண்ணெய் பிரட்டி, டப்பாவில் போட்டு ராத்திரிவரை ஓட்டுவார்கள். கூட்டத்தைச் சமாளிக்க அது அவர்கள் பாடு. நான்கு பேருக்குச் செய்யும் வீட்டில் அந்தக் குறுக்கு வழி எதற்கு? பாக்கெட்டில் பத்து நிமிடம் என்றிருந்தால் எட்டில் எடுத்துவிடுங்கள், மிச்சம் சாற்றில் வேகும். வடிப்பதற்கு முன் கலங்கலாக இருக்கும் தண்ணீரில் ஒரு பெரிய குவளை எடுத்து வையுங்கள், கடைசியில் அது கைகொடுக்கும்.

பாஸ்தாவைத் தண்ணீரில் போடும் நேரமே இறாலை வறுக்கும் நேரம். அகன்ற சீனச்சட்டியைப் புகைவருமளவு காயவைத்து, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், அதில் பாதி வெண்ணெய். இறாலை ஒன்றோடொன்று இடிக்காமல் பரப்புங்கள். ஒரு பக்கம் ஒரு நிமிடம், திருப்பிப் போட்டு இன்னொரு நிமிடம். அரைவட்டமாக வளைந்தால் வெந்தது, வாலும் தலையும் தொட்டு முழுவட்டமாகச் சுருண்டால் கூடிப்போனது. எடுத்துத் தட்டில் வையுங்கள். பிறகு கணவாய். அது ஒரு நிமிடம், கூடிப்போனால் ஒன்றரை. கணவாய்க்கு இரண்டே வழிதான்: இரண்டு நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் முக்கால் மணி நேரம் மெதுவாக வேகவிட வேண்டும். முதல் சூட்டில் சதை இறுகும், பிறகு நெடுநேரம் வெந்தால்தான் உள்ளிருக்கும் நார் இளகும். நம் வீடுகளில் கணவாய் ரப்பராக இருப்பது இந்த இரண்டுக்கும் நடுவில் அடுப்பை அணைப்பதால்தான். சட்டி சிறியதாக இருந்தால் இரண்டு தடவையாக வறுங்கள். ஒரேயடியாகக் குவித்தால் சட்டி குளிர்ந்து தண்ணீர் விட்டுவிடும்.

அதே சட்டியை, ஒட்டியிருக்கும் வறுவலோடு, கழுவாமல் மறுபடி அடுப்பில் வையுங்கள். தீயைக் குறைத்து, மிச்ச எண்ணெயையும் வெண்ணெயில் ஒரு கட்டியையும் போட்டு, மிச்ச உள்ளியையும் பூண்டையும் பொடியாக நறுக்கி வதக்கி, காந்தாரியைப் போட்டு, மிளகாய் விழுதை ஊற்றுங்கள். பச்சை வாசம் போய் ஓரத்தில் எண்ணெய் பிரியும்வரை வதக்க வேண்டும், இதற்கு நம் கைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நறுக்கிய தக்காளி சேர்த்துக் குழைய விடுங்கள். தக்காளி ஜாம் பதத்துக்குச் சுண்ட வேண்டும். புளிப்புத் தண்ணீராகவே நின்றால் அடுத்து வரும் க்ரீமைத் திரித்துவிடும்.

தலைச்சாற்றை ஊற்றிப் பெரிய தீயில் கொதிக்கவிட்டு, பாதியாக வற்றியதும் வடித்த பாஸ்தாவைப் போடுங்கள். கூடவே அரைக் கரண்டி பாஸ்தாத் தண்ணீர். இரண்டு நிமிடம் புரட்டிக்கொண்டே இருந்தால் பாஸ்தா சாற்றைக் குடித்துச் சிவக்கும். இந்த இடத்தில் ஒரு குச்சியைத் தின்று பாருங்கள். க்ரீம் இல்லாமலே ருசியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் க்ரீம் அதைக் காப்பாற்றாது.

இப்போது தீயை மிகச் சிறியதாக்கி க்ரீம். நம் கடைகளில் கிடைக்கும் ஃப்ரெஷ் க்ரீமில் 25 சதவீதமோ அதற்குக் குறைவோ கொழுப்பு. மேல்நாட்டு அடுக்களைகளில் 35 சதவீதத்துக்கு மேல் உள்ள கெட்டி க்ரீமைக் கொதிக்கவிட்டாலும் தாங்கும், நம்முடையது தாங்காது. புளிப்பும் சூடும் சேர்ந்தால் பால்புரதம் திரண்டுவிடும், கொழுப்புக் குறைந்த க்ரீமில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஆகவே க்ரீமை முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வைத்திருங்கள். ஒரு கிண்ணத்தில் ஊற்றி, சூடான சாஸில் இரண்டு கரண்டி எடுத்து அதில் கலந்து, பிறகு சட்டியில் ஊற்றிப் புரட்டுங்கள். ஆவி வந்தால் போதும், குமிழி வர வேண்டாம். திரிகிற மாதிரித் தெரிந்தால் உடனே இறக்கி, பாஸ்தாத் தண்ணீரில் ஒரு கரண்டி விட்டு வேகமாகக் கிளறுங்கள். அதிலிருக்கும் மாவு கொழுப்பையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கும், பெரும்பாலும் மீண்டுவிடும்.

இறாலையும் கணவாயையும், தட்டில் ஊறியிருக்கும் சாற்றோடு, சிப்பிச் சதையோடு, இப்போது சேர்த்து அரை நிமிடம் புரட்டுங்கள். இடித்த நல்லமிளகைத் தூவி அடுப்பை அணையுங்கள். சாஸ் நீங்கள் விரும்புவதைவிடச் சற்று இளக்கமாக இருக்கட்டும், தட்டுக்குப் போவதற்குள் இறுகிவிடும். கெட்டியாகத் தெரிந்தால் குவளைத் தண்ணீர் இருக்கிறது. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் எலுமிச்சை, அதுவும் அரை மூடிக்கு மேல் வேண்டாம். மேலே மல்லியிலை, ஓட்டோடு வைத்திருந்த சிப்பி. கறிவேப்பிலை வேண்டாம் என்பது என் கட்சி, வீட்டில் என் பெண்டாட்டி எதிர்க்கட்சி. சீஸ் போட்டால் நம் ஊரில் யாரும் அடிக்க வரமாட்டார்கள், ஆனால் இவ்வளவு பாடுபட்டு எடுத்த இறால் மணத்தை அது மூடிவிடும்.

ஆட்களை மேசையில் உட்காரவைத்துவிட்டு க்ரீமை ஊற்றுங்கள். விருந்தாளிக்காக பாஸ்தா காத்திருக்காது. இறால், சிப்பி ஒத்துக்கொள்ளாதவர் யாராவது இருக்கிறார்களா என்று சமைக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். சாற்றிலேயே எல்லாம் இறங்கியிருப்பதால் துண்டை மட்டும் ஒதுக்கித் தின்பது பாதுகாப்பல்ல.

அம்மை சொன்ன தேங்காய் வழிக்கு வருகிறேன். க்ரீம் கிடைக்காத நாளில், அல்லது பால் ஒத்துக்கொள்ளாதவர் வந்தால், ஒரு முற்றிய தேங்காயின் ஒண்ணாம் பாலை 200 மில்லி எடுத்துக்கொள்ளுங்கள். இதற்குத் தேங்காய் எண்ணெய், கறிவேப்பிலை, இஞ்சி எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு. தக்காளியை விட்டுவிட்டு, குடம்புளி ஒரு சிறு துண்டைத் தலைச்சாற்றில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து எடுத்தெறியுங்கள். மிளகாய் விழுதைப் பாதியாக்கி, காந்தாரியைக் கூட்டுங்கள். தேங்காய்ப்பாலும் கொதித்தால் திரியும், ஆகவே அதற்கும் க்ரீமின் சட்டம்தான். உண்மையைச் சொன்னால் மழைக்காலத்து ராத்திரிக்கு இதுவே எனக்கு ஒருபடி மேல். அம்மை இதைத் தின்றுவிட்டு "கொள்ளாம்" (நன்றாக இருக்கிறது) என்பாள், க்ரீம் போட்டதைத் தின்றால் "எரிப்பு போராது" என்பாள்.

மிஞ்சினால் இறாலையும் கணவாயையும் தனியே பொறுக்கி எடுத்து, பாஸ்தாவை மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள், மறுநாளைக்குள் முடித்துவிடுங்கள். சூடாக்கும்போது கொஞ்சம் பால் விட்டுச் சிறு தீயில் இளக்கி, கடைசி நிமிடத்தில் இறாலைச் சேர்த்தால் போதும். சிப்பியை மட்டும் மறுநாளைக்கு வைக்காதீர்கள், அன்றைக்கே தின்று தீர்த்துவிடுங்கள்.